கை இறங்கும்வரை

உடற்கல்வி ஆசிரியர்கள் சேர்ந்து மலர் ஒன்று கொண்டுவருகிறார்களாம். அதற்குக் கட்டுரை வேண்டும் என்று போன மாதம் இரண்டு பேர் வீடு தேடி வந்தார்கள். ஒருத்தி மண்ணூர்ப் பெண், என்னிடம் படித்தவளின் மகள். இன்னொருவர் தெற்கேயிருந்து இந்தப் பக்கம் வேலைக்கு வந்தவர். தலைப்பையும் கையோடு கொண்டுவந்திருந்தார்கள்: ‘உடற்கல்வி ஆசிரியரின் தன்னம்பிக்கையும் கற்பித்தல் திறனும்’. ஒன்று இருந்தால் மற்றது தானாக வந்துவிடும் என்பதுபோல இரண்டையும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. காபி கொடுத்து, நல்ல வார்த்தை சொல்லி, முடியாது என்று அனுப்பிவிடப் பார்த்தேன்.

மண்ணூர்ப் பெண் விடவில்லை. “டீச்சர், உங்க கமாண்டைப் பத்தி எங்கம்மா இன்னும் சொல்லிகினே இருக்காங்க. ‘அட்டேன்’னு இழுத்துட்டு ஒரு கேப் வுடுவீங்களாமே, அதுல காக்கா கூடக் கத்தாதாமே! அந்த தைரியம் எப்டி வந்துச்சுன்னு எழுதுங்க, போதும்.”

அந்த இடைவெளி என்னுடையது இல்லை. வாழ்நாள் முழுக்க நல்ல பெயர் வாங்கிக்கொண்டு திரிந்தேனே தவிர, அது கன்னியப்பன் சாருடையது. அவரோ தன்னிடம் அப்படி ஒன்று இருந்ததாகவே நம்பாமல் போய்ச் சேர்ந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. எழுத ஒப்புக்கொண்டது அதற்காகத்தான். தலைப்பை அவர்கள் என்னவாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.

எனக்குச் சொந்த ஊர் தண்டலம். அப்பா அந்தோணியார் கோயிலில் உபதேசியார். ஊர் கூடிய ஜெபத்திலேயே அவர் குரல் மூன்றாவது வரிசையைத் தாண்டாது. அவர் பெண்ணுக்கு மட்டும் எங்கிருந்து குரல் வரும்? ஓட்டப்பந்தயத்தில் நாலு பரிசு வாங்கியிருந்தேன் என்பதற்காக என்னை டிரில் டீச்சர் ஆக்கிவிட்டார்கள். பட்டணத்தில் ஒரு வருஷப் பயிற்சி. லெசிம், கோலாட்டம், த்ரோபால், முதலுதவி, எலும்புகளின் பெயர்கள், வேளாவேளைக்குச் சாம்பார். கமாண்ட் கொடுக்கப் பழகும்போது எதிரே நின்றவர்களும் எங்களைப் போன்ற பயிற்சிக்காரிகள்தான். நான் தப்பாகச் சொன்னாலும் என்மீது இரக்கப்பட்டுச் சரியாகத் திரும்பிவிடுவார்கள். எனக்கு எல்லாம் வந்துவிட்டது என்று நானும் நம்பிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

அறுபதுகளின் நடுவில் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளியில் வேலை கிடைத்தது. முன்னால் பெங்களூர் ரோடு, பின்னால் ஏரிக்கரை, நடுவில் மைதானம். மைதானம் என்று பெயர்தான். காலையில் எருமைகள் மேயும், மத்தியானம் பிள்ளைகள் மேய்வார்கள். ஆண்பிள்ளைகளுக்கு டிரில் மாஸ்டராக ஏற்கெனவே கன்னியப்பன் சார் இருந்தார். பெண்பிள்ளைகளுக்கு என்னைப் போட்டார்கள்.

முதல் நாள் மொத்தப் பெண்பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி, “அட்டென்ஷன்” என்றேன். முன்வரிசை சேர்ந்து நின்றது. நடுவரிசை சிரித்தது. கடைசி வரிசைக்கு நான் ஏதோ பேசியதே தெரியாது. “ரைட்டர்ன்” என்றேன். ஆளுக்கு ஒரு திசையாகத் திரும்பி, இரண்டு பெண்கள் நேருக்கு நேர் நின்று வணக்கம் போட்டுக்கொண்டார்கள். மறுநாளே பள்ளிக்கூடம் முழுக்க என்னைப் போல “ரைட்டர்ன், ரைட்டர்ன்” என்று மூக்கால் பேசிக்கொண்டு அலைந்தது. கணக்கு வாத்தியார் வேறு, “எதுக்கும்மா வெயில்ல கஷ்டப்படறே? அந்த பீரியடை எங்கிட்ட குடுத்துடு, சிலபஸ் பாக்கி கீது” என்று பரிவோடு கேட்டார். கொடுத்துவிடத்தான் நினைத்தேன்.

கன்னியப்பன் சார் மணிமங்கலத்துக்காரர். பாரி உடம்பு, அரைக்கால் சட்டை, வெறுங்கால். மைதானத்தின் இந்த முனையில் அவர் குரல் கொடுத்தால் ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவன் நிமிர்ந்து நிற்பான் என்பார்கள். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் இடி சார். அவருக்கும் அது தெரியும். தெரிந்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். விசிலை அவர் தொட்டுக்கூடப் பார்த்தது கிடையாது. “அது ரயிலுக்கும்மா. மன்சனுக்குக் கொரலு” என்பார்.

எனக்கு அவர் எதையும் சொல்லிக்கொடுத்தார் என்று நினைக்க வேண்டாம். சொல்லிக்கொடுக்கிற சுபாவமே அவருக்கு இல்லை. ஏதாவது கேட்டால் “ம்” என்பார். நன்றாகச் செய்தாலும் “ம்”, சொதப்பினாலும் “ம்”. இரண்டு ம்-களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது. ரோஷக்காரர் வேறு. ஹெச்.எம். தெரியாத்தனமாக “டிரில் பீரியடுதானே” என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க ஆசிரியர் அறைப்பக்கமே வரமாட்டார், வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிடுவார்.

அதனால் நான் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் அவர் மைதானத்தை வெறுங்காலால் ஒருமுறை நடந்து முடிப்பார். ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்திருந்தேன். நெருஞ்சி முள் தேடுகிறார் என்று பிறகுதான் புரிந்தது. எங்கள் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் காலில் செருப்பில்லாமல் வருகிறவர்கள். முள் முதலில் அவர் காலில் தைக்க வேண்டும், அதுதான் கணக்கு. வரிசை நிறுத்தும்போது சூரியன் எப்போதும் அவர் முகத்தில் அடிக்கும்படிதான் நிற்பார். பிள்ளைகளுக்கு முதுகில் வெயில். கண் கூசினால் எதிரே நிற்பவரைப் பார்க்க முடியாது, பார்க்காத பிள்ளை எதையும் கற்காது. பயந்த பிள்ளையை வரிசையில் மூன்றாவதாக நிறுத்துவார். ஓரத்தில் நின்றால் எல்லாரும் பார்க்கிறார்கள் என்று நடுங்கும், ஒரேயடியாக நடுவில் நின்றால் ஒளிந்துகொள்ளும். மூன்றாவது இடத்தில் நின்றால் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து ஒரு வாரத்தில் தேறிவிடும். தேறியதும் முதல் இடத்துக்கு மாற்றிவிடுவார், ஏன் என்று அந்தப் பிள்ளைக்கே சொல்லமாட்டார்.

கமாண்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு கமாண்டுக்கும் இரண்டு துண்டு உண்டு. முதல் துண்டு என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லும். இரண்டாவது துண்டு செய் என்று சொல்லும். ‘அட்டேன்’ முதலாவது, ‘ஷன்’ இரண்டாவது. ‘ரைட்’ முதலாவது, ‘டர்ன்’ இரண்டாவது. இது எங்கள் பயிற்சியிலும் உண்டுதான். ஆனால் பயத்தில் இருக்கும் வாத்தியார் இரண்டையும் ஒட்டி ஒரே வார்த்தையாகத் துப்பிவிடுவார். நான் செய்தது அதைத்தான். நடுவில் மௌனம் வந்தால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்ற பயம். டிரில் வாத்தியார்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது.

கன்னியப்பன் சார் ‘அட்டேன்’ என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். சும்மா நிறுத்துவதில்லை. வலது கையை மார்புக்கு நேரே தூக்கி வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டுவார். எந்தப் பிள்ளை இன்னும் தயாராகவில்லையோ அதற்காகக் காத்திருப்பார். மந்தமான பிள்ளை உள்ள வகுப்பென்றால் இடைவெளி நீளும். கடைசிப் பிள்ளையின் முகமும் அவர் பக்கம் திரும்பியதும் கை இறங்கும், கூடவே ‘ஷன்’ விழும். அத்தனை குதிகாலும் சேர்ந்து ‘தப்’ என்று ஒரே சத்தம் கேட்கும். எல்லாரும் அந்த இடிக்குரலைத்தான் மெச்சினார்கள். வேலையைச் செய்தது இடி இல்லை, இடிக்கு முன்னால் அவர் காத்திருந்ததுதான். அதை நான் திருடிக்கொண்டேன். ஒருநாள் பெண்பிள்ளைகளிடம் ‘அட்டேன்’ என்று சொல்லிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசி வரிசைகூட என்னைப் பார்த்தது. அதற்குப் பிறகு கணக்கு வாத்தியாருக்கு நான் பீரியட் கொடுக்கவில்லை.

சில வருஷங்கள் கழித்து கன்னியப்பன் சாருக்குத் தொண்டை கட்டியது. வெந்நீர், மிளகு, பனங்கற்கண்டு எல்லாம் பார்த்தார். கட்டியது விடவில்லை. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் காட்டியபோது குரல்வளையில் ஏதோ வளர்ந்திருக்கிறது, எடுக்க வேண்டும் என்றார்கள். கெட்ட கட்டி இல்லை, உயிருக்கு ஆபத்தில்லை. எடுத்தார்கள். திரும்பி வந்தபோது இடி சாரிடம் காற்று மட்டும்தான் மிச்சம் இருந்தது. பக்கத்தில் காதை வைத்தால்தான் என்ன சொல்கிறார் என்று புரியும்.

அவர் விடுப்பில் வீட்டிலேயே இருந்திருந்தால்கூடத் தேவலை. மறு வாரமே மைதானத்துக்கு வந்துவிட்டார். பேச முடியாததால் செய்து காட்டினார். உயரம் தாண்ட எங்கே கால் ஊன்ற வேண்டும் என்று சுண்ணாம்பில் பாதம் பாதமாக வரைந்தார். கையைத் தூக்கினால் நிற்க வேண்டும், இறக்கினால் செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே புரிந்தது. வேடிக்கை என்னவென்றால், முன்பு இடிக்குப் பயந்து தூரத்திலேயே நின்ற பிள்ளைகள் இப்போது கிட்டே வந்தார்கள். “சார், இந்தக் கால முன்னாடி வெக்கட்டா, இத்தயா?” என்று கேட்டார்கள். அவர் சொல்வதைக் கேட்க அவர் வாயருகே காதைக் கொண்டுபோனார்கள். என் கண்ணுக்கு அவர் முன்பைவிட நல்ல வாத்தியாராகத் தெரிந்தார்.

அதைச் சொன்னேன். “சார், பசங்க ஒங்ககிட்ட இப்பதான் சார் நல்லாக் கத்துக்குதுங்க.”

அவர் என்னைக் கோபமாகப் பார்த்தார். “பயம் போச்சும்மா” என்றார் காற்றுக் குரலில். “கொரலு போச்சு, பயம் போச்சு. தோள்மேல கை போடாத கொறதான் கீது.”

பிள்ளைகள் நெருங்கி வந்ததை அவர் மரியாதை போனதாக எடுத்துக்கொண்டார். ஒரே காட்சியை இரண்டு பேர் பார்த்தோம். எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லை. எத்தனை சொல்லியும் தெரியவைக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. உடற்கல்விக்கென்று மேலேயிருந்து வருகிற ஆய்வாளர், ஜீப்பில் தொப்பியோடு வந்து இறங்குவார். மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்கு டிரில் என்றால் கமாண்ட், கமாண்ட் என்றால் தொண்டை. ஒவ்வொரு பள்ளியிலும் வாத்தியாரை மேடையில் ஏற்றி, தான் தள்ளிப்போய் நின்று, குரல் அங்கே வருகிறதா என்று பார்ப்பார். கன்னியப்பன் சார் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி கோவிந்தம்மாள் அக்கா சொல்லியனுப்பினார்கள். வேலைக்குத் தகுதியில்லை என்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். பயந்தது வேலைக்காக மட்டும் இல்லை. மைதானத்தைவிட்டால் அவருக்குத் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லை.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். மேடையில் இரண்டு பேரும் நிற்பது. கமாண்டை நான் கொடுப்பது. அவர் எனக்கு அரையடி முன்னால் நின்று, வலது கையைத் தொடையோரமாகத் தொங்கவிட்டு விரல்களை மூடிக்கொள்வார். விரல் விரிந்ததும் நான் இரண்டாவது துண்டைச் சொல்ல வேண்டும். பார்ப்பவர்களுக்கு அவர் சும்மா நிற்பதாகத் தெரியும். ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் ஒன்றாக நிறுத்தி நான் அதற்குமுன் கமாண்ட் கொடுத்ததே இல்லை. பெண்பிள்ளைகளை மட்டும் என்றால் சமாளிப்பேன். மைதானம் நிறைந்த கூட்டத்தை எண்ணியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

அன்றைக்கு “அட்டேன்” என்று இழுத்தேன். நிறுத்தினேன். கடைசி வரிசையில் எவனோ அசைந்துகொண்டிருந்தான் போலிருக்கிறது, அவர் விரல் விரியவே இல்லை. என் நாக்கில் ‘ஷன்’ வந்து துடித்துக்கொண்டிருந்தது. ஆய்வாளர் எங்களைப் பார்க்கிறார், ஹெச்.எம். கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார். விரல் விரியவில்லை. ஒருவழியாக விரிந்தது. “ஷன்!” என்றேன். ‘தப்’. அத்தனை பெரிய கூட்டம் ஒரே ஆளாக நின்றது. அதற்குப்பின் எனக்குப் பயமே இல்லை. டிரில் முழுவதையும் அவர் விரலைப் பார்த்துக்கொண்டே கொடுத்து முடித்தேன். நான் எதையும் முடிவு செய்யவில்லை. என்ன தேவை, எப்போது தேவை என்பதெல்லாம் அந்த விரலிலேயே இருந்தது.

ஆய்வாளர் கிட்டே வந்து என்னிடம் கைகூப்பினார். “இந்த வட்டாரத்துல நான் கேட்ட நல்ல கமாண்ட் இதுதாம்மா. ஒரு லேடி டீச்சர்கிட்டேயிருந்து நான் எதிர்பார்க்கவே இல்ல.”

நான் சும்மா இருக்கவில்லை. அங்கேயே, எல்லார் எதிரிலும் சொன்னேன்: “சார், குரல்தான் நான் கொடுத்தேன். நேரம் பார்த்துக் கொடுத்தது கன்னியப்பன் சார். அது இல்லாட்டி ஒன்னுமே நடந்திருக்காது.”

ஆய்வாளர் சிரித்துவிட்டார். “சீனியருக்கு மரியாதை குடுக்கறீங்க, சந்தோஷம். அதுக்காகக் கமாண்டுன்னா தொண்டை இல்லேன்னு ஆயிடுமா?” என்றார். பிறகு கன்னியப்பன் சாரின் தோளைத் தட்டி, “நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க மாஸ்டர். அதான் இந்தம்மா இருக்காங்களே” என்றார். மனசார ஆறுதலாகத்தான் சொன்னார். அவர் எதையும் எதிராக எழுதவும் இல்லை, யாரையும் வேலையைவிட்டுத் தூக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் கன்னியப்பன் சாரிடம் போய் நின்றேன். “சார், அந்தாளுக்கு ஒன்னும் புரியலை சார். ஒங்க விரல் இல்லாம நான் இன்னா பண்ணியிருப்பேன்?”

“வுடும்மா. கொரலு உனுது. நா இன்னா பண்ணேன், வெரல ஆட்டிகினு நின்னேன்” என்றார். பிறகு ஒரு ‘ம்’. நல்ல ம்-மா, மோசமான ம்-மா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

மறுவாரத்திலிருந்து அவர் மைதானத்துக்கு வருவது குறைந்தது. ஸ்டோர் ரூமில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பையன்கள் கூப்பிடப் போனால் “டீச்சர்கிட்ட போ” என்று கையைக் காட்டிவிடுவார். ஹெச்.எம். கூப்பிட்டுச் சொன்னார், நான் கெஞ்சினேன், கோவிந்தம்மாள் அக்கா சண்டை போட்டார்கள். எதற்கும் அசையவில்லை. அடுத்த வருஷம் உடல்நிலையைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நின்றுகொண்டார். யாராவது துரத்தியிருந்தால் அந்த ஆள்மேல் கோபப்பட்டு ஆறியிருப்பேன். இதில் கோபப்பட ஆளே இல்லை.

அதற்குப் பின்னால் வந்த வருஷங்களில் எனக்குப் பேர் வந்தது. பக்கத்துப் பள்ளிகளில் விளையாட்டு விழா என்றால் கமாண்டுக்கு மேரி டீச்சரைக் கூப்பிடு என்பார்கள். புதிதாக வருகிற டிரில் மாஸ்டர்கள் அந்த இடைவெளியை என்னிடம் கற்றுக்கொள்ள வருவார்கள். இது கன்னியப்பன் சாருடையது என்று சொல்லித்தான் கற்றுக்கொடுத்தேன். “யாரு டீச்சர் அவரு?” என்று கேட்டுவிட்டு மறந்துபோவார்கள்.

எழுபதுகள் முடியும் சமயம் பெங்களூர் ரோட்டில் ஒன்றிரண்டு கம்பெனிகள் வந்திருந்தன. நிலம், பட்டா, வேலி என்று ஊரில் பேச்சே மாறிக்கொண்டிருந்த நேரம். ஒருநாள் பஸ் ரிப்பேராகி ரோட்டோரம் நின்றது. எதிரே ஒரு வார்ப்படக் கம்பெனியின் கேட். உள்ளே போகவேண்டிய லாரி ஒன்று பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. கேட் குறுகல், ஒரு பக்கம் கால்வாய். காக்கிச் சட்டையில் வாட்ச்மேன் ஒருவர் லாரிக்குப் பின்னால் நின்று கையைத் தூக்கி வைத்திருந்தார். லாரி ஊர்ந்தது. கை அப்படியே நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி அந்தக் கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். கை இறங்கியது. லாரி அந்த இடத்திலேயே நின்றது. அதைப் பார்த்ததுமே ஆள் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஓடிப்போய் நின்றேன். மெலிந்திருந்தார், முடி நரைத்திருந்தது. “இன்னாம்மா, நல்லாக்கீறியா?” என்றார் அதே காற்றுக் குரலில். வீட்டில் சும்மா உட்கார முடியவில்லை, பையன் சொல்லிச் சேர்த்துவிட்டான் என்றார்.

“சார், பாத்தீங்களா? ஒங்க கைக்கு லாரியே நிக்குது!”

“லாரிக்குக் காது கெடையாதும்மா” என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவே இல்லை.

அன்றிரவே முடிவு செய்தேன். இவருக்கு வாயால் சொல்லிப் பயனில்லை. கண்ணால் காட்ட வேண்டும். அந்த வருஷத்துப் பள்ளி விளையாட்டு விழாவில் பிள்ளைகள் மொத்தத்தையும் அவர் கைக்கு நிற்க வைப்பது. ஒரு வார்த்தை கிடையாது, விசில் கிடையாது. அவர் மேடையில் ஏறிக் கையைத் தூக்குவார், பிள்ளைகள் காத்திருப்பார்கள், இறக்குவார், அட்டென்ஷனில் நிற்பார்கள். அவர் நேரில் பார்க்கட்டும். அப்புறம் எப்படி இல்லை என்பார் என்று பார்க்கிறேன்.

வாரக்கணக்கில் பிள்ளைகளைப் பழக்கினேன். நானே வாயை மூடிக்கொண்டு கையால் மட்டும் டிரில் எடுத்தேன். பெரிய பிள்ளைகள் முதலில் கேலி செய்தார்கள், பிறகு பிடித்துக்கொண்டார்கள். முன்வரிசையில் ஆறாம் வகுப்புப் பொடிசுகள். அவர்களுக்கு என் கையைப் பார்ப்பதே ஒரு விளையாட்டாகிவிட்டது. இமைக்காமல் பார்ப்பார்கள். கன்னியப்பன் சாரைச் சம்மதிக்க வைக்கத்தான் பாடுபட்டேன். இரண்டு முறை மறுத்தார். மூன்றாவது முறை கோவிந்தம்மாள் அக்காவே, “எனக்காக ஒரு வாட்டி போய்ட்டு வாய்யா” என்றார்கள். ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டிருந்தது. மேடைக்கு வருமுன் என்ன செய்தார் தெரியுமா? செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மைதானத்தில் கொஞ்ச தூரம் நடந்து பார்த்தார்.

மேடைக்குப் பின்னால் ஷாமியானா. அதில் தலைமை விருந்தினரான யூனியன் சேர்மனும் புது ஹெச்.எம்.மும் உட்கார்ந்திருந்தார்கள். ஹெச்.எம்.மிடம் எல்லாம் சொல்லித்தான் வைத்திருந்தேன். நல்ல மனிதர், ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் திருப்பித் தரமாட்டார். மைதானத்தின் கடைக்கோடி மரங்களில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். நான் முன்வரிசையின் ஓரத்தில் நின்றேன்.

கன்னியப்பன் சார் மேடையில் ஏறினார். வெயில் அவர் முகத்தில். கையைத் தூக்கினார்.

மைதானம் அடங்கியது. பிள்ளைகள் கால் அகட்டி, கை பின்னால் கட்டி, அவரைப் பார்த்தபடி நின்றார்கள். அவர் கண் வரிசை வரிசையாகப் போனது. எத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கண் அப்படிப் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் யாரோ இன்னும் தயாராகவில்லை. அவர் காத்திருந்தார். கை அப்படியே நின்றது. அவர் முகத்தில் ஏதோ தெளிந்து வருவதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

ஷாமியானாவில் சேர்மன் ஹெச்.எம்.மிடம் திரும்பினார். “இன்னா சார், பெரியவரு மறந்துட்டாரா? இல்ல மைக்கு கிக்கு பூட்சா?”

ஹெச்.எம். பதறிப்போய் மைக்கைப் பிடித்தார். “அட்டென்ஷன்!” என்றார்.

ஒலிபெருக்கிகள் அலறின. பின்னாலிருந்த வரிசைகள் எல்லாம் பட்டென்று சேர்ந்து நின்றன. ஷாமியானாவில் கைதட்டல்.

பின்வரிசைகள் சேர்ந்ததைப் பார்த்த கன்னியப்பன் சார் ஷாமியானா பக்கம் திரும்பிவிட்டார். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கை மட்டும் இன்னும் மேலேயே இருந்தது. முன்வரிசைப் பொடிசுகள் அசையவில்லை. மைதானமே அட்டென்ஷனில் நிற்க, அந்த ஒரு வரிசை மட்டும் கால் அகட்டி நின்றுகொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகக் கையை இறக்கினார். ‘தப்’ என்று அந்த வரிசை சேர்ந்து நின்றது. கைதட்டலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அவர் திரும்பவில்லை. “முன்வரிசை இன்னா தூங்குதா?” என்று ஹெச்.எம். மைக்கில் கேட்டது மட்டும் ஊருக்கே கேட்டது.

மேடையைவிட்டு இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வாசலைப் பார்த்து நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“சார், நில்லுங்க சார். மொத வரிசை ஒங்க கைக்குத்தான் நின்னுச்சு. ஹெச்.எம். கத்தினதுக்கு ஒன்னுகூட அசையலை. நீங்க எறக்கினப்புறம்தான் சார் சேந்துச்சுங்க. நான் கண்ணால பாத்தேன்.”

“பொடிசுங்கம்மா. அதுங்களுக்கு இன்னா தெரியும், வேடிக்க பாத்துகினு நின்னுருக்கும்” என்றார். “கொரலுக்குத்தாம்மா நின்னுது. நானே பாத்தேனே.”

“இல்ல சார், அந்தோணியார்மேல ஆணையா.”

“எனுக்காக சாமிமேலல்லாம் ஆணை வெக்காதம்மா” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துவதுபோலப் பிடித்துக்கொண்டார். நான் அவரைத் தேற்ற வந்தேன் என்று நினைத்து அவர் என்னைத் தேற்றினார். நான் அவரிடம் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதை அவர் ஆறுதல் என்று எடுத்து மடித்து வைத்துக்கொண்டார்.

தூரத்தில் பஸ் வந்தது. அந்த நேரத்துப் பஸ் எங்கள் பள்ளிக்கூட வாசலில் நிற்கவே நிற்காது. ஆள் பிதுங்கிக்கொண்டு வரும், எத்தனை பேர் கத்தினாலும் ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கன்னியப்பன் சார் ரோட்டோரமாகப் போய் நின்றார். கையைத் தூக்கினார். பஸ் வேகம் குறைந்தது. படிக்கட்டு நேராக அவர் எதிரே வரும்வரை கையை வைத்திருந்து இறக்கினார். பஸ் நின்றது. அவர் ஏறிப் போய்விட்டார்.